நாலாவது பழம்

பழமும் சீனியும் ஒன்றாகக் கொதிக்கும்போது ஓர் இடத்தில் மணம் மாறும். அதுவரை வருவது பழத்தின் மணம். அதற்குப் பிறகு வருவது ஜாமின் மணம். நடுவில், சட்டியின் ஓரம் லேசாகப் பிடிக்கத் தொடங்கும் அந்தக் கொஞ்ச நேரம் மட்டும் கருஞ்சிவப்பாக ஒரு மணம் எழும். மணத்துக்கு ஏது நிறம் என்று கேட்பீர்கள். இதற்கு இருக்கிறது.

சிட்னியில், டூங்கபியில் ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை, பல் துலக்கிக்கொண்டே ஜன்னலைத் திறந்தபோது பக்கத்து வீட்டிலிருந்து அது வந்தது. யார் காய்ச்சினார்கள், என்ன பழம், எனக்குத் தெரியாது. ஆனால் மெல்பனில், டண்டினொங்கில், என் வீட்டு வேலிக்கு அப்பால் இருந்த அக்கா இங்கே நின்றிருந்தால் என்ன சொல்லியிருப்பார் என்பது தெரியும். தலையை வெளியே நீட்டி, கண்ணை மூடி, ஒரு மூச்சு இழுத்து, "தேசிக்காய்ப் புளி விடேல்ல. இறுகாது" என்றிருப்பார். எலுமிச்சை அவருக்குத் தேசிக்காய். பிறகு அந்த வீட்டுக் கதவைத் தட்டிச் சொல்லவும் போயிருப்பார்.

அவர் நாக்கைப் பற்றித்தான் சொல்ல வருகிறேன். ஒரு குளிர்காலத்தில் அந்த நாக்கு அவரை விட்டுப் போயிற்று. போனதைச் சொல்வதற்கு முன்னால் அது எப்படிப்பட்டது என்று சொல்ல வேண்டும், இல்லையென்றால் போனது என்னவென்று யாருக்கும் புரியாது.

அக்கா யாழ்ப்பாணத்துக்காரர், ஐம்பதைக் கடந்தவர். முதியோர் இல்லம் ஒன்றின் சலவைப் பகுதியில் வேலை. வீட்டில் அவரும் கணவரும் மட்டும். கணவரை நான் அண்ணன் என்பேன். அண்ணன் வேர்ஹவுஸில் பெட்டி தூக்கி முதுகு போய் வீட்டோடு ஆனவர். அதனால் சமையல் அவர் கையில். நான் மதுரைப் பக்கம். அப்போது வீடு வீடாக மாறிக்கொண்டிருந்தேன். எந்த வீட்டிலும் சுவரில் ஓர் ஆணி அடித்ததில்லை. டண்டினொங் வீட்டுக்குக் குடிபோன அன்று, வேலிக்கு மேலால் ஒரு கிண்ணம் வந்தது. கிண்ணத்துக்குப் பின்னால் ஒரு முகம்.

"தம்பி இந்தியாவோ?"

"ஆமாக்கா."

"உங்கட மூக்குக்கு இது உறைப்பா இருக்கும். கவனமாச் சாப்பிடுங்கோ."

நாக்கு என்று சொல்லவில்லை, மூக்கு என்றார். அவருடைய உலகத்தில் சாப்பாடு முதலில் மூக்கு வழியாகத்தான் போனது.

அங்கிருந்த தமிழர் வீடுகளில் ஒரு நல்ல காரியம் என்றால் அவரைக் கூப்பிடத் தயங்குவார்கள். ஒரு பிறந்தநாள் வீட்டில் ஆட்டிறைச்சி ரோல்ஸ் ஒன்றைக் கடித்துவிட்டு, "இதை ரெண்டு பேர் சமைச்சிருக்கினம். வெங்காயம் வதக்கினவ ஆறுதலான ஆள். உப்புப் போட்டவ அவசரக்காரி" என்றார். சமையலறையிலிருந்து அக்காவும் தங்கையுமாக இரண்டு பெண்கள் எட்டிப் பார்த்தார்கள். தங்கையின் முகம் சிவந்தது. யார் அவசரக்காரி என்று ஊருக்கே தெரிந்துபோயிற்று.

திரும்பும் வழியில் காரில் கேட்டேன், எதற்கு இந்த வேலை என்று.

"குறை சொல்லுறன் எண்டு நினைக்கினம், தம்பி. எனக்கு அறிய விருப்பம். ஒரு வாய்க்குள்ள போறது என்னென்ன, எங்கயிருந்து வந்தது, ஆர் கை பட்டது. அதை அறியாமல் விழுங்கிறது, கடிதத்தை வாசிக்காமல் கிழிக்கிற மாதிரி."

அண்ணனுக்கோ இது அன்றாடம். அக்கா வேலை முடிந்து வந்து முகம் கழுவி உட்காருவார். முதல் கவளம் வாய்க்குப் போகும். அண்ணன் கையில் அகப்பையோடு பக்கத்தில் நிற்பார், பரீட்சை முடிவு பார்க்க நிற்பவரைப் போல.

"வெந்தயம் ஒரு பொட்டுக் கருகிப் போச்சு."

"ரெலிபோன் வந்தது."

"ஆரோட?"

"உம்மட தமையன்தான்."

"அவன் எப்பவும் வெந்தயம் கருகிற நேரத்தில்தான் எடுப்பான்."

அண்ணன் வேலியோரம் வந்து என்னிடம் முறையிடுவார். "கலியாணம் முடிச்ச நாளிலயிருந்து ஒருக்கா, ஒரே ஒருக்கா, நல்லா இருக்கெண்டு சொன்னதில்ல தம்பி." சொல்லும்போது அவர் முகத்தைப் பார்த்தால் அது முறையீடாகத் தெரியாது. பெரிய இடத்தில் வேலை பார்ப்பவர் தன் முதலாளியைத் திட்டும்போது ஒரு மிதப்பு இருக்குமே, அது இருக்கும்.

ஆஸ்திரேலியக் கோடை வெயில் கொளுத்திய ஒரு ஜனவரியில்தான் அந்தப் பழம் வந்து சேர்ந்தது. சூப்பர் மார்க்கெட்டில் மலிவாகப் போட்டிருந்தார்கள் என்று ஒரு ஐஸ்கிரீம் டப்பா வாங்கி அவர்கள் வீட்டுக்குக் கொண்டுபோனேன். வெள்ளைக்குள் ஊதாச் சுழல். அக்கா ஒரு கரண்டி வைத்தார். கரண்டி வாயிலேயே நின்றது.

"இதென்ன பழம்?"

டப்பாவைத் திருப்பி வாசித்தேன். "பாய்சன்பெரி."

"அது பேர். நான் கேட்டது பழத்தை." இரண்டாவது கரண்டி. "இது ஒண்டில்ல. மூண்டு. பொறுங்கோ." மூன்றாவது கரண்டி. "நாலு."

போனில் தேடினேன். நான் பார்த்தவரை, ஓரிடத்தில் மூன்று பெரிகளின் கலப்பு என்று போட்டிருந்தது, இன்னோரிடத்தில் நாலு என்று. ராஸ்பெரி, பிளாக்பெரி, லோகன்பெரி, டியூபெரி. எவருக்கும் நிச்சயமில்லை. அதிலும் லோகன்பெரி என்பதே ராஸ்பெரியும் பிளாக்பெரியும் சேர்ந்து பிறந்தது என்று வாசித்ததும் அக்கா கரண்டியைக் கீழே வைத்துவிட்டார்.

"அப்ப தாய் தகப்பனும் இருக்கினம், பிள்ளையும் இருக்கு, நாலு பேரும் சேர்ந்து இன்னொண்டைப் பெத்திருக்கினம். இதுக்கு ஆர் ஆரை என்ன முறை சொல்லிக் கூப்பிடுறது?"

"உமக்கு அதுவே கவலை" என்றார் அண்ணன்.

"ஓம். எனக்கு அதுவே கவலை."

அதன் பிறகு அவருக்கு இருப்புக்கொள்ளவில்லை. ராஸ்பெரியும் பிளாக்பெரியும் கடையில் கிடைத்தன. அவற்றைத் தனித்தனியாக வாயில் வைத்து, கண்ணை மூடிக்கொண்டு, ஆட்களின் முகத்தை மனப்பாடம் செய்வதுபோலச் செய்தார். மற்ற இரண்டும் கடைக்கு வருவதில்லை. ஆகவே மலைப்பக்கம் போனோம். மெல்பனுக்குக் கிழக்கே, சிவந்த மண்ணும் யூக்கலிப்டஸ் நிழலுமாக ஏறும் சாலையில், வருகிறவர்களே பறித்துக்கொள்ளும் ஒரு பெரித் தோட்டம். தோட்டக்காரப் பெண்மணிக்கு எழுபது இருக்கும். முழங்கை வரை முள் கீறிய கோடுகள்.

அங்கேதான் ஒரு வித்தை கண்டோம். ராஸ்பெரியைப் பிடித்து இழுத்தால் நடுத்தண்டு செடியிலேயே நின்றுவிடும். பழம் மட்டும் விரல்நுனிக்குத் தொப்பி போல வரும். பிளாக்பெரி தண்டோடு சேர்ந்தே வரும். பாய்சன்பெரி நிறத்தில் இரண்டுக்கும் நடுவே, ஒயின் நிறம், கட்டைவிரல் அளவு. இழுத்தால் தண்டோடு வந்தது.

"எலும்பு பிளாக்பெரி வீட்டு எலும்பு" என்றார் அக்கா. "பேச்சுத்தான் ராஸ்பெரி."

கைப்பையிலிருந்து ஒரு மாத்திரைப் போத்தலை எடுத்தார். உள்ளே உப்பும் மிளகாய்த்தூளும். மாங்காய்க்குப் போடுவதுபோலப் பழத்தின் மேல் ஒரு தூவல். உப்புப் பட்டால்தான் பழம் மறைக்காமல் பேசும் என்பது அவர் கட்சி. தோட்டக்காரப் பெண்மணிக்கும் ஒன்று நீட்டினார். அவருக்குக் கண்ணில் நீர் வந்தது. துடைத்துவிட்டு இன்னொன்று கேட்டார். அதன் பிறகு அவர்கள் இருவருக்கும் நடுவில் நான் தேவையில்லாத ஆளானேன்.

பழத்தின் கதையை அந்தப் பெண்மணிதான் சொன்னார். கலிபோர்னியாவில் ஒருவர் இதைக் கலந்து உண்டாக்கினார். சரிவரவில்லை. தோட்டத்தை விட்டுவிட்டுப் போய்விட்டார். பெரிய, செந்நீலமான ஒரு பழம் இருந்ததாமே என்று கேள்விப்பட்டு வேறு சிலர் தேடிக்கொண்டு போனார்கள். களைக்குள் சாகக் கிடந்த சில கொடிகளைத் தோண்டி எடுத்துத் தங்கள் மண்ணில் வைத்துப் பிழைக்கவைத்தார்கள். பிழைக்கவைத்தவரின் மனைவி அதில் ஜாம் காய்ச்சினார். ஜாமுக்காக ஊர் திரண்டது. பெயர் மட்டும் முதல் ஆளின் பெயர்.

"அப்ப விட்டிட்டுப் போன ஆளின்ர பேர்தான் நிண்டிருக்கு" என்றார் அக்கா. கொஞ்சம் யோசித்தார். "மனிசி காய்ச்சின ஜாமில தேசிக்காய் விட்டவவோ எண்டு கேளுங்கோ தம்பி."

கேட்டேன். பெண்மணிக்குத் தெரியவில்லை.

லோகன்பெரி ஒரு வரிசை அங்கே இருந்தது. புளிப்பில் கண் சுருங்கியது. மூன்று ஆட்களும் கிடைத்துவிட்டார்கள். நாலாவது இல்லை. டியூபெரி நிலத்தோடு படரும் ஜாதி, தன் கையில் அது இல்லை, வைத்திருக்கிற ஆளையும் தெரியாது என்றார் பெண்மணி. "நீங்கள் தின்ற பழத்துக்குள்ளே எங்கேயோ இருக்கிறது. அங்கேயே தேடிக்கொள்ளுங்கள்."

கிளம்பும்போது ஒன்று தந்தார். ஒரு பாய்சன்பெரிக் கொடியின் நுனி வளைந்து மண்ணைத் தொட்ட இடத்தில் தானாக வேர் விட்டிருந்தது. சிறு மண்கொத்தியால் அதைக் கிளப்பி, கொடியை வெட்டி, ஈரக் காகிதத்தில் சுற்றிக் கொடுத்தார். விதையிலிருந்து வளர்த்தால் இதே பழம் வராதாம். நுனியிலிருந்து வந்தால்தான் இது இதுவாகவே இருக்கும்.

இரண்டு வீட்டுக்கும் நடுவில் இருந்த வேலியில் கம்பி இழுத்து அதைக் கட்டினோம். முதல் வருடம் வெறும் இலை. நீள நீளமாகத் தடி விட்டு, அண்ணனின் சட்டையைப் பிடித்து இழுத்தது. பூ இல்லை. இந்தச் செடியின் கணக்கு அப்படி: ஒரு கோடையில் வளரும் தடி மறு கோடையில்தான் காய்க்கும். காய்த்ததும் பழுப்பாகிச் சாகும். அதை அடியோடு வெட்டிவிட வேண்டும். அதற்குள் பக்கத்தில் பச்சையாக இன்னொரு தடி அடுத்த வருடத்துக்கு நிற்கும். ஒரு வீட்டில் இரண்டு கோடை கண்டிராத எனக்கு இது வேறு யாருக்கோ உண்டான செடி என்று பட்டது. ஆனாலும் வாடகை ஒப்பந்தம் முடிந்தபோது இன்னும் ஒரு வருடத்துக்குக் கையெழுத்துப் போட்டேன். காய்ப்பதைப் பார்க்க வேண்டும். அவ்வளவுதான் காரணம்.

இரண்டாவது டிசம்பரில் காய்த்தது. தாங்க முடியாத அளவுக்குக் காய்த்தது. இந்தப் பழம் பறித்தால் காத்திருக்காது. தொட்டால் கசியும், மறுநாள் தண்ணீர் விடும். கடைக்காரர்கள் ஏன் இதைத் தொடுவதில்லை என்று அப்போது புரிந்தது. அக்கா ஜாம் காய்ச்சினார். புளிக்குப் பதிலாகப் போட்டு ரசம் வைத்தார். "இது ரசமோ, பேனைக்கு ஊத்திற மையோ?" என்றார் அண்ணன், இரண்டு முறை வாங்கிக் குடித்தார். பச்சைமிளகாயோடு இடித்து ஒரு சம்பல். மிச்சத்தைத் தட்டில் பரப்பி உறையவைத்து, தயிர் டப்பாக்களில் நிரப்பி ஃப்ரீசரில் அடுக்கினார். அந்த வீட்டில் தயிர் டப்பாவைத் திறந்தால் தயிர் இருக்காது.

அந்தக் கோடையில்தான் கோயில் சம்பவமும். அபிஷேகத்துக்குப் பழச்சாறு கொண்டுபோகும் முறை அக்காவுடையதாக வந்தது. எல்லாரும் ஆரஞ்சுச் சாறு கொண்டுபோவார்கள். அக்கா ஒரு வாளி நிறைய இதைக் கொண்டுபோனார்.

ஐயர் வாளிக்குள் எட்டிப் பார்த்தார். "இதென்ன பழமம்மா?"

"பெரி, ஐயா. எங்கட வேலியில காய்ச்சது."

"கலப்புப் பழமோ?"

"நாங்கள் வைக்கிற மாம்பழம் எல்லாம் ஒட்டுமாமரத்துப் பழந்தானே, ஐயா. பிள்ளையார் ஒருக்காலும் கேட்டதில்ல."

ஐயர் சிரித்தபடி வாங்கி ஊற்றினார். கருங்கல் பிள்ளையாருக்கு ஒன்றும் ஆகவில்லை. ஆனால் தரை, புதிதாகப் பதித்த வெள்ளைச் சலவைக்கல். ஐயரின் வேட்டி, அன்று கட்டிய வெள்ளை வேட்டி. பாலும் தேனும் பின்னால் வந்து கழுவியும் ஊதா நிறம் வடிகாலை நோக்கி ஒரு சின்ன ஆறாகப் போய் அங்கேயே நின்றுவிட்டது. நிர்வாகக் குழுவினர் தேய்த்துப் பார்த்தார்கள். குழுவின் தலைவர் அக்காவைப் பார்த்தார், பிறகு தரையைப் பார்த்தார், பிறகு மறுபடி அக்காவை. அக்கா இதையெல்லாம் கவனிக்கவில்லை. உள்ளங்கையில் வாங்கிய தீர்த்தத்தை உறிஞ்சிவிட்டுக் கண்ணை மூடியிருந்தார்.

"பால், தேன், இளநீர், எல்லாம் வருகுது" என்றார் என் காதருகே. "அதுக்குள்ள மூண்டு பெரியும் வருகுது. நாலாவது ஒளிச்சுக்கொண்டு நிக்குது, தம்பி. நிக்கிறது தெரியுது. முகம் தெரியேல்ல."

அடுத்த குளிர்காலத்தில் கொரோனாத் தொற்று அவர்கள் வீட்டுக்கு வந்தது. ஊர் முழுவதும் அதன் பயம் தணிந்து, முகக்கவசங்கள் அலமாரிக்குப் போன பிறகு. அண்ணனுக்கு இருமலோடு போயிற்று. அக்காவுக்குக் காய்ச்சல். காய்ச்சல் விட்டு எழுந்து, தேத்தண்ணி குடித்து, கோப்பையைக் கீழே வைத்துவிட்டு, "சூடு மட்டும்தான் இருக்கு" என்றாராம்.

வரும், பொறுங்கள் என்றார் டாக்டர். எப்போது என்று சொல்லவில்லை. வாரம் போயிற்று, மாதம் போயிற்று. மூக்கும் இல்லை, நாக்கும் இல்லை. அடுப்பில் பால் பொங்கிக் கருகிப் புகை வந்த பிறகு, கண்ணால் பார்த்துத்தான் அக்கா எழுந்துபோனார்.

விசித்திரம் என்னவென்றால், அப்போதுதான் அழைப்புகள் வரத் தொடங்கின. பிறந்தநாள், கிரகப்பிரவேசம், பூப்புனித நீராட்டு விழா. முன்பு தயங்கியவர்களெல்லாம் அன்பாகக் கூப்பிட்டார்கள். அக்கா போனார், சாப்பிட்டார், நல்லா இருக்கு என்றார். அவர்களுக்குச் சந்தோஷம்.

ஒரு மாலை அண்ணன் வேலியோரம் வந்து நின்றார். அகப்பை கையில் இல்லை.

"தம்பி, இவ எல்லாத்தையும் நல்லா இருக்கெண்டுறா."

"உங்களைக் கஷ்டப்படுத்த வேண்டாம்னு சொல்றாங்கண்ணா."

"அதுதானே." குரலைத் தாழ்த்தினார். "நேற்று வேணுமெண்டே உப்புப் போடாமல் கறி வைச்சன். ஒரு சொட்டு உப்பில்ல. முழுக்கச் சாப்பிட்டிட்டு, நல்லா இருக்கெண்டா. எனக்கு இறங்கேல்ல. சாப்பாட்டுக் கோப்பையைக் கொண்டுபோய்க் கழுவிப்போட்டு வெளியால வந்து நிண்டிட்டன்." கொடியில் ஒரு காய்ந்த இலையைக் கிள்ளினார். "ஆருக்குச் சமைக்கிறன் எண்டே விளங்கேல்ல."

அன்றிலிருந்து அவர் தட்டை வைத்துவிட்டு முடிவுக்கு நிற்காமல் உள்ளே போய்விடுவார். கவனித்திருக்கிறேன்.

அக்கா அழவில்லை. அவருக்கு அதிலும் ஆராய்ச்சி. தினமும் காலையில் ஃப்ரீசரிலிருந்து ஒரு பாய்சன்பெரி. பின்வாசல் படியில் உட்கார்ந்து வாயில் வைத்துக்கொண்டு, அது கரையும் வரை வேலியைப் பார்ப்பார். வேலைக்குப் போகும் வழியில் நான் கேட்பேன்.

"என்னக்கா?"

"ஐஸ்கட்டி."

மறுநாள், "கல்லு." இன்னொரு நாள், "புளிப்பெண்டு நினைக்கிறன். நினைப்புத்தானோ தெரியாது." டப்பாக்கள் குறைந்துகொண்டே வந்தன. வேலியில் கொடி இலையுதிர்த்து வெறும் முள்ளாக நின்றது.

குளிர்காலம் முடியும் தறுவாயில் ஒரு காலை, நான் கார்க் கதவைத் திறக்கும்போது வேலிக்கு அப்பாலிருந்து குரல் வந்தது. "தம்பி, இஞ்ச ஒருக்கா வாங்கோ. கெதியா."

ஓடினேன். அக்கா படியில் உட்கார்ந்திருந்தார், கண் மூடியபடி. அண்ணன் கதவு நிலையைப் பிடித்துக்கொண்டு நின்றார்.

"கதைக்காதேங்கோ" என்றார் அக்கா, நாங்கள் இருவரும் வாய் திறக்காதபோதே. பிறகு மெதுவாக, எண்ணுகிறவர் போல: "ராஸ்பெரி இல்ல. பிளாக்பெரி இல்ல. லோகனும் இல்ல. ஆனா ஒண்டு நிக்குது."

"என்ன மாதிரி இருக்கு?"

"மழை விட்ட பிறகு வேலிக்கரையில ஒரு மணம் வருமே. பிறகு, நாவற்பழக் கொட்டையை நெடுகச் சூப்பினா ஒரு துவர்ப்பு. துவர்ப்புக்குப் பின்னால, வெட்கப்பட்டுக்கொண்டு, சின்ன இனிப்பு." கண்ணைத் திறந்தார். "இவதான், தம்பி. நாலாவது ஆள். இவ்வளவு காலமும் மற்ற மூண்டு பேரும் கதைச்சுக் கதைச்சு இவவைக் கதைக்க விடேல்ல. இப்ப அவையள் இல்ல. தனிய வந்து நிக்கிறா."

அது உண்மையில் டியூபெரிதானா, அடிபட்ட நரம்பு தன்பாட்டுக்குப் புனைந்ததா என்று எனக்கு இன்றுவரை தெரியாது. டியூபெரியை நானும் கண்டதில்லை. ஒரு பழத்தின் காணாமல் போன பெற்றோரை, மற்றதெல்லாம் அணைந்துபோன ஒரு வாயால் கண்டுபிடிக்க முடியுமா. யாரிடம் போய்க் கேட்பது. அக்காவுக்குச் சந்தேகமே இல்லை. முகம் கழுவியதுபோல இருந்தார்.

அண்ணன் மட்டும் ஒன்று கேட்டார். "அப்ப கறி?"

அக்கா அவரைப் பார்த்தார். "கறி இன்னும் இல்ல."

"சரி" என்று உள்ளே போனார் அண்ணன். தேத்தண்ணிக்குத் தண்ணீர் வைக்கும் சத்தம் கேட்டது.

வசந்தத்தில் எனக்குச் சிட்னியில் வேலை கிடைத்தது. கொடியில் வெள்ளைப் பூக்கள் வந்திருந்தன. அந்தக் கோடையின் பழத்துக்கு நான் இருக்கப்போவதில்லை. வெயில் ஏறுவதற்கு முன் கிளம்ப வேண்டும் என்று காரில் எல்லாவற்றையும் ஏற்றி முடித்தபோது இருவரும் வாசலுக்கு வந்தார்கள். அண்ணன் ஒரு பொதியை நீட்டினார். புட்டும், கத்தரிக்காய்ப் பொரித்த குழம்பும், ஃபாயிலில் சுற்றி, அதன் மேல் ஒரு துவாய்த் துண்டால் சுற்றி.

"வழியில கடைச் சாப்பாடு வேண்டாம்" என்றார். என் தோளைத் தட்டிவிட்டு, வழக்கம்போல நிற்காமல் திரும்பினார்.

பொதியை என் கையிலிருந்து அக்கா வாங்கினார். துவாயை அவிழ்த்து, ஃபாயிலில் ஒரு மூலையை விரித்து, குழம்பு ஊறிய புட்டில் ஒரு கிள்ளு எடுத்து வாயில் போட்டார். ஏன் என்று எனக்குத் தெரியவில்லை. அவருக்கும் தெரிந்திருக்காது, கை பழகிய பழக்கம். மென்றார். மெல்லுவது நின்றது. மறுபடி மெதுவாகத் தொடங்கியது. தெருவில் ஒரு குப்பை லாரி வீடு வீடாக நின்று வந்துகொண்டிருந்தது. அது எங்களைத் தாண்டிப் போவதற்குள் இன்னொரு கிள்ளு எடுத்து மென்றார்.

"இஞ்சேருங்கோ" என்றார் பிறகு, அண்ணனின் முதுகைப் பார்த்து. "கொஞ்சம் நில்லுங்கோ."

அண்ணன் நின்றார். ஒரு கால் படியில், ஒரு கால் தரையில். திரும்பவில்லை.

அக்கா ஃபாயிலின் மூலையை மடித்து, துவாயை இறுக்கிக் கட்டி, பொதியை என் கையில் வைத்தார்.

"பெருஞ்சீரகத்தை வறுக்காமல் போட்டிருக்கிறார், தம்பி. நல்லாப் பசிச்ச பிறகு சாப்பிடுங்கோ."